பிரசிடென்ட்டம்மா யாரு வீட்டுப் பொண்ணு? ஊராட்சிப் பெண் தலைவர்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷம் ஒரு ஒன்றியத்துல மகளிர் குழுக்களுக்கு கணக்கு நோட்டு எழுத சொல்லிக் குடுக்குற வேலை பாத்தேன். அந்த நோட்டு எழுதுன அக்காங்கள்ல சில பேரு பின்னாடி வார்டு மெம்பரா, பிரசிடென்ட்டா ஜெயிச்சு வந்தாங்க. அதனால காலேஜ்ல புராஜெக்ட் பண்ற பசங்கள்லேர்ந்து எங்க சித்தப்பா வரைக்கும் என்கிட்ட கேக்குறது திரும்பத் திரும்ப இதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதால மொத்தமா எழுதிட்டேன். எனக்கு நல்லா தெரிஞ்சது தமிழ்நாட்டு கிராம ஊராட்சிதான், நகரத்தைப் பத்தி கொஞ்சமாத்தான் இருக்கும்.

முதல்ல, எத்தனை பொண்ணுங்க இருக்காங்க? நிஜமாவே பாதிப் பேரா?

ஆமா, சீட்டுக் கணக்குல பாதி. 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1992ல வந்து 1993 ஏப்ரல் 24லேர்ந்து நடைமுறைக்கு வந்துச்சு, அதுல மூணுல ஒரு பங்கு சீட்டாவது பொண்ணுங்களுக்குன்னு இருக்கு. தமிழ்நாட்டுல 1994ல ஊராட்சிகள் சட்டம் போட்டு 1996 அக்டோபர்ல முதல் தேர்தல் நடந்துச்சு. 2016ல அதை 50 சதவீதமா ஆக்கினாங்க. ஆனா அந்த வருஷ தேர்தலை ஹைகோர்ட் ரத்து பண்ணிட்டதால, பாதி சீட்டுங்கிறது நிஜத்துல நடந்தது 2019 டிசம்பர்ல 27 மாவட்டத்துலயும் 2021 அக்டோபர்ல மிச்சம் இருந்த 9 மாவட்டத்துலயும்தான். அப்போ மொத்தம் 12,525 கிராம ஊராட்சி, அதுல பாதிக்கு மேல பெண் தலைவர் வந்தாங்க.

இந்தியா முழுக்க எடுத்தா உள்ளாட்சில சுமார் 14 லட்சம் பெண்கள், கிட்டத்தட்ட 46 சதவீதம். அதே தமிழ்நாட்டுல 2021 சட்டசபைக்கு ஜெயிச்ச பெண் எம்எல்ஏ எத்தனைன்னா 234க்கு 12. ரிசர்வேஷன் இல்லேன்னா கணக்கு எப்படி வரும்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

இவங்க ஏழை வீட்டுப் பொண்ணுங்களா, வசதியானவங்களா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் ஒரே வரில பதில் எதிர்பாக்குறாங்க, அப்படி ஒரு பதிலே இல்ல. நான் பாத்த வரைக்கும் அது அந்த சீட்டு என்ன வகைங்கிறதைப் பொறுத்தது.

ஒரு ஊராட்சி "பெண் பொது"ன்னு வந்துச்சுன்னு வைங்க, அதாவது எந்த சாதிப் பொண்ணும் நிக்கலாம். அறிவிப்பு வந்த அன்னிக்கு சாயந்தரமே ஊருல நாலு வீட்டுல பேச்சு ஓடும், ஏற்கனவே பிரசிடென்ட்டா இருந்தவரு வீடு, யூனியன்ல ரோடு வேலை எடுக்குற கான்ட்ராக்டர் வீடு, கட்சி கிளைச் செயலாளர் வீடு, நாலஞ்சு ஏக்கரு போர்வெல்லோட இருக்குற வீடு. அந்த வீட்டு ஆம்பளைங்க நிக்க முடியாதுன்னதும் பொண்டாட்டியோ மருமகளோ அம்மாவோ வேட்பாளர். அவங்களுக்குன்னு தனியா சம்பாத்தியம் பெரும்பாலும் இருக்காது, நிலம் அவங்க பேருல இருக்கலாம் ஆனா பத்திரம் பீரோ சாவியோட வேற ஆளு கைல இருக்கும். இவங்களை வசதியான பொண்ணுன்னு சொல்றதா, வசதியான வீட்டுப் பொண்ணுன்னு சொல்றதா? ரெண்டுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு.

அதே ஊராட்சி "எஸ்சி பெண்"ணுன்னு வந்துச்சுன்னா ஆட்களே வேற. நடவு, களை எடுக்குறது, நூறு நாள் வேலை, செங்கல் சூளை, கொத்தனாருக்கு சித்தாள், இப்படி கூலியில நிக்கிற பொண்ணுங்க. நிலம்னு பாத்தா காலனில குடியிருக்குற மனைதான், அதுக்கும் பல பேருக்கு பட்டா இழுபறி. தமிழ்நாட்டு அரசியல்ல ஒரு நிலமில்லாத கூலிக்காரப் பெண் அரசாங்க செக்குல கையெழுத்துப் போடுற இடத்துக்கு வந்தான்னா அது முக்காவாசி இந்த சீட்டு வழியாத்தான் வந்திருக்கும்.

இந்த ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வச்சு "பெண் பிரதிநிதிகளின் பின்னணி"ன்னு சராசரி எடுத்தா வர்ற பொண்ணு எந்த ஊருலயும் இருக்க மாட்டா. புராஜெக்ட் பண்ற பசங்க தயவுசெஞ்சு இதைப் பிரிச்சுப் பாருங்க, பொது சீட்டுல ஆம்பளைங்களோட மோதி ஜெயிச்ச பொண்ணுங்களையும் தனியா எடுங்க. அவங்க கொஞ்சம் பேருதான், ஆனா ஒவ்வொருத்தரும் ஒரு தனி கதை.

பேப்பர்ல வர்ற 21 வயசு பிரசிடென்ட், 90 வயசு பாட்டி எல்லாம் நிஜமா?

நிஜம்தான். 2020 ஜனவரில கிருஷ்ணகிரி மாவட்டம் காட்டிநாயக்கன்தொட்டில சந்தியா ராணிங்கிற பொண்ணு காலேஜ் படிச்சுக்கிட்டே 21 வயசுல தலைவர் ஆச்சு, சட்டப்படி நிக்கவே 21 முடியணும். 2021ல தென்காசி வெங்கடாம்பட்டில 22 வயசு இன்ஜினியரிங் படிச்ச சாருகலா. அதே தேர்தல்ல திருநெல்வேலி சிவந்திப்பட்டில பெருமாத்தாள் பாட்டி 90 வயசுல. மதுரை அரிட்டாபட்டி வீரம்மாள் ஆயாவையும் எல்லாருக்கும் தெரியும், அவங்க தலைவரா இருந்தப்பதான் 2022 நவம்பர்ல அந்த ஊரு தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிக்கப்பட்டுச்சு. விருதுநகர் மாவட்டம் கான்சாபுரத்துல தூய்மைப் பணியாளரா இருந்த சரஸ்வதி ஜெயிச்சாங்க.

ஆனா பேப்பர்காரங்களுக்கு ஓரத்துல இருக்குறதுதான் நியூஸ். நான் பயிற்சிக் கூட்டத்துல பாத்த முகங்கள் 30லேர்ந்து 50க்குள்ள, கல்யாணம் ஆகி, பசங்க பள்ளிக்கூடம் போற வயசு தாண்டி, மாமியாரு இருந்தா வீட்டைப் பாத்துக்குவாங்கங்கிற நிலைமையில இருந்தவங்க. கைக்குழந்தை வச்சிருக்குற பொண்ணு வந்தது ரொம்ப அபூர்வம், கூட்டத்துக்கு வந்தா தொட்டில் கட்ட இடமில்ல.

படிச்சிருக்கணுமா? கையெழுத்து போடத் தெரியாதவங்க கூட வராங்களாமே?

தமிழ்நாட்டுல படிப்புத் தகுதி எதுவும் கிடையாது, நல்ல வேளை. ஹரியானால 2015ல ஒரு சட்டம் போட்டாங்க, பொதுவா பத்தாவது, பெண்களுக்கு எட்டாவது, எஸ்சி பெண் வார்டு மெம்பருக்கு அஞ்சாவது, வீட்டுல கக்கூஸ் வேற இருக்கணும்னு. சுப்ரீம் கோர்ட்டும் அந்த டிசம்பர்ல அது செல்லும்னு சொல்லிடுச்சு. கக்கூஸ் கட்ட வக்கில்லாத வீட்டுப் பொண்ணுதான் கக்கூஸ் வேணும்னு கூட்டத்துல எழுந்து கேப்பா, அவளையே வெளிய நிறுத்திட்டா யாரு கேக்குறதுன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

படிப்பு வேண்டாம்னு சொல்ல வரல. யூனியன் ஆபீஸ்லேர்ந்து வர்ற சுற்றறிக்கைத் தமிழை டிகிரி படிச்சவங்களே ரெண்டு தடவை படிக்கணும், ரோடு எஸ்டிமேட்டு இங்கிலீஷ்ல வரும், எம்-புக்குல (வேலை அளவு எழுதுற நோட்டு) ஓவர்சியர் என்ன அளவு எழுதியிருக்காருன்னு பாக்கத் தெரியலேன்னா சிமென்ட்டு ரோடு நாலு இஞ்சுக்கு பதிலா ரெண்டரை இஞ்சுல போயிடும். ஆனா நான் பாத்ததுல பி.ஏ. முடிச்சு வீட்டோட இருந்த பொண்ணை விட, அஞ்சாவது படிச்சு எட்டு வருஷம் குழுவுல கடன் லெட்ஜர் எழுதுன அக்காதான் வரவு செலவைப் பாத்ததும் "இந்த மோட்டார் ரிப்பேர் போன மாசமும் எழுதியிருக்கே"ன்னு கேட்டாங்க. அந்த மோட்டாரு எந்த மாசமும் ரிப்பேராவே ஆகலங்கிறது அப்புறம் தெரிஞ்சுது.

உண்மையச் சொல்லுங்க, வீட்டுக்காரர்தானே பிரசிடென்ட்?

நிறைய இடத்துல ஆமா. பேனர்ல அம்மா போட்டோ, அதை விட ரெண்டு இஞ்சு பெருசா அய்யா போட்டோ. ஊருல "பிரசிடென்ட்"ன்னு கூப்பிட்டா திரும்புறது அவரு, அந்தம்மா "பிரசிடென்ட் வீட்டம்மா". வடக்க இதுக்கு சர்பஞ்ச் பதின்னு (தலைவரம்மாவோட புருஷன்) தனி பேரே இருக்கு, 2023ல ஒன்றிய அரசு இதை எப்படித் தடுக்குறதுன்னு பாக்க ஒரு குழுவே போட்டுச்சு.

ஆனா இதுலயும் பணம் இருக்குற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கு, அதை யாரும் பேசுறதில்ல. வசதியான வீட்டுல வீட்டுக்காரருக்கு நேரம் இருக்கு, பைக்கு இருக்கு, பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல ஆளு தெரியும், அவரே எல்லாம் பாத்துக்குவாரு, அம்மா கையெழுத்து மட்டும். கூலி வீட்டுல வீட்டுக்காரரு ஒரு நாள் வேலைக்குப் போகலேன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது, அதனால ஆரம்பத்துல ரெண்டு நாள் கூட வருவாரு, அப்புறம் "நீயே போயிட்டு வா"ன்னுடுவாரு. வேற வழியில்லாம தனியா பஸ் ஏறி யூனியன் ஆபீஸ் போயி வாசல்ல நின்னு பழகிப் பழகி, ரெண்டாவது வருஷத்துல அதே அக்கா பிடிஓ கிட்ட சேரை இழுத்துப் போட்டு உக்காந்து பேசினதை நான் கண்ணால பாத்திருக்கேன். ஆக வீட்டுக்காரர் பினாமிங்கிற வியாதி ஏழை வீட்டை விட இருக்குற வீட்டுலதான் முத்திப்போயிருக்குன்னு நான் நினைக்கிறேன், தப்பா இருந்தா சொல்லுங்க.

ஏழைப் பெண்ணுக்கு வர்ற பினாமி வேற ரூபத்துல வருவான். ஊராட்சி கிளர்க்கா இருக்கலாம், நிலம் வச்சிருக்குற பழைய பெரிய மனுஷனா இருக்கலாம், அவங்க வீட்டுல கூலி வேலை பாக்குறவளைத்தான் நிறுத்தி ஜெயிக்க வச்சிருப்பாங்க. முன்ன செக் புக்கை வாங்கி வச்சுக்குவாங்க. இப்போ அரசாங்க நிதிக்குழு ஒதுக்குற பணமெல்லாம் ஆன்லைன்ல போகுது, அதுக்கு டிஜிட்டல் கையெழுத்துன்னு பென்டிரைவ் மாதிரி ஒண்ணு குடுக்குறாங்க. அந்தக் குச்சி யாரு பாக்கெட்டுல இருக்கோ அவங்கதான் பிரசிடென்ட். செக்குலயாவது பேனாவைப் பிடிச்சுக் கையெழுத்துப் போடணும், இதுக்கு அந்தப் பொண்ணு அந்த ரூம்லயே இருக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு, ஆம்பளைத் தலைவர்ல எத்தனை பேரு மணல்காரனுக்கும் கட்சி மாவட்டச் செயலாளருக்கும் பினாமின்னு எண்ணிப் பாருங்க. அவங்களை யாரும் "டம்மி"ங்குறதில்ல.

தேர்தல்ல நிக்க எவ்ளோ ஆகும்?

சட்டப்படி ரொம்ப கம்மி. 2019ல தலைவருக்கு டெபாசிட் 600 ரூபாய், எஸ்சி எஸ்டின்னா 300. வார்டு மெம்பருக்கு 200, 100. செலவு வரம்பு தலைவருக்கு 34,000.

நிஜத்துல அந்த 34,000 கறிசோறு ஒரு வேளைக்குப் பத்தாது. வசதியான வீடுன்னா அதை முதலீடா பாப்பாங்க. இல்லாத வீட்டுல எங்கேர்ந்து வரும்? குழுக் கடன், தாலிக்கொடி அடகு, அண்ணன் தம்பிகிட்ட கைமாத்து, இல்லேன்னா "நான் பாத்துக்குறேன் நீ நில்லு"ன்னு ஒருத்தர் வருவாரு. அந்த கடைசி வழில வந்த பணத்துக்குத்தான் வட்டி அஞ்சு வருஷமும் கட்டணும், வேலை எல்லாம் அவரு சொல்ற ஆளுக்குத்தான் போகும்.

ஏலம் வேற இருக்கு. 2019 டிசம்பர்ல கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்துல தலைவர் பதவியை 50 லட்சத்துக்கு ஏலம் விட்டாங்கன்னு பெரிய நியூஸ் ஆச்சு. கோயில் கட்டுறதுக்கு, ஊர் பொதுக்காரியத்துக்குன்னு சொல்லுவாங்க. ஏலம் விடுற ஊருல கூலிக்காரப் பொண்ணு எங்க நிப்பா?

ஜெயிச்சப்புறம் சம்பளம் வருமா?

சம்பளம்னு சொல்லாதீங்க, மதிப்பூதியம். தலைவருக்கு ரொம்ப வருஷமா மாசம் 1,000 ரூபாய், பின்னாடி 2,000 ஆச்சு. வார்டு மெம்பருக்கு மாசப்படியே இல்ல, கூட்டத்துக்கு வந்தா அமர்வுப்படி, அவ்ளோதான். நகரத்துல 2023லேர்ந்து மேயருக்கு மாசம் 30,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000. கிராமத்துல தண்ணி வரலேன்னா காலைல அஞ்சு மணிக்கு குடத்தோட வீட்டு வாசல்ல வந்து நிக்கிறது தலைவர் வீட்டுலதான், மேயர் வீட்டுல யாரும் போயி நிக்க மாட்டாங்க. இருந்தும் கணக்கு இப்படி.

இதோட பொருளாதாரத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கூலிக்குப் போனா ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு கெடைக்கிற பொண்ணு, தலைவர் ஆனதும் வேலைக்குப் போக முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிரசிடென்ட் போயி அடுத்தவன் வயல்ல களை எடுத்தா ஊரு என்ன பேசும். நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போனா பணித்தளப் பொறுப்பாளரு அட்டண்டென்ஸ் போட கை நடுங்குவாரு. ஆக வருமானம் போச்சு. செலவு ஏறுது, சாவு வீட்டுக்கு மாலை, காதுகுத்துக்கு மொய், யூனியன் ஆபீஸுக்கு வாரம் ரெண்டு தடவை பஸ், வர்ற ஓவர்சியருக்கு டீ வடை, மோட்டார் எரிஞ்சா பில் பாஸ் ஆகுற வரைக்கும் கைக்காசு போட்டு சரி பண்ணணும். பில்லு மூணு மாசம் கழிச்சு வரும், வராமலும் போகும்.

நான் நல்லா பழகின ஒரு அக்கா, காலனிக்காரங்க, ரொம்ப நேர்மையா இருந்தாங்க, பதவி முடியும்போது அவங்களுக்கு இருந்த கடன் பதவிக்கு வர்றப்ப இருந்ததை விட ஜாஸ்தி. பக்கத்து ஊராட்சில பெண் பொது சீட்டுல வந்த வீட்டுல அதே அஞ்சு வருஷத்துல மாடி எழும்புச்சு. ஒருத்தர் நல்லவர் ஒருத்தர் கெட்டவர்னு இதை முடிச்சுடாதீங்க, மாசம் 2,000 ரூபாய்க்கு முழுநேர வேலை பாக்கச் சொன்னா சொந்த வசதி இருக்குறவங்கதான் தாங்குவாங்க, இல்லாதவங்க கடன்படணும் இல்ல கமிஷன் வாங்கணும். கமிஷன் வாங்கினா முதல்ல மாட்டுறதும் அவங்கதான்.

சாதி இப்பவும் அவ்ளோ பெருசா இருக்கா?

2020 அக்டோபர்ல கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டத்து போட்டோ ஒண்ணு எல்லார் போன்லயும் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? மத்தவங்க சேர்ல, தலைவர் ராஜேஸ்வரி தரையில. அவங்க எஸ்சி. துணைத்தலைவர் கைதானாரு, ஊராட்சி செயலரை சஸ்பெண்ட் பண்ணாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 15க்கு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துல தலைவர் அமிர்தம் கொடி ஏத்த விடாம பண்ணாங்க, விஷயம் வெளிய வந்ததும் 20ஆம் தேதி கலெக்டரே வந்து ஏத்த வச்சாங்க. இதெல்லாம் அவமானத்தோட போனது. திருநெல்வேலி தாழையூத்துல 2006ல தலைவரான கிருஷ்ணவேணி, அருந்ததியர் பெண், 2011 ஜூன்ல ராத்திரி ஆட்டோல வீட்டுக்கு வர்றப்ப வெட்டுனாங்க. உயிர் பொழச்சதே பெரிய விஷயம்.

இதுக்குப் பின்னாடி ஒரு சட்ட ஓட்டை இருக்கு, அதைச் சொல்லியாகணும். தலைவர் பதவிக்கு ரிசர்வேஷன் உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு கிடையாது. துணைத்தலைவரை வார்டு மெம்பர்ங்க ஓட்டு போட்டு எடுப்பாங்க, ஊருல எந்த சாதி ஜாஸ்தியோ அவங்கதான் வருவாங்க. செக்குல தலைவர் துணைத்தலைவர் ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். இப்போ பாருங்க, காலனி கூலிப்பொண்ணு தலைவர், அவங்க போன மாசம் வரைக்கும் யாரு வயல்ல நடவு நட்டாங்களோ அவரு துணைத்தலைவர். அவரு கையெழுத்து போடலேன்னா தெருலைட்டு பல்பு வாங்கக் கூட முடியாது. நிர்வாகம் முடங்கும், அப்புறம் "அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல"ன்னு மனு போகும், கலெக்டர் செக் பவரை எடுத்துடலாம், ஊராட்சிகள் சட்டம் 205 பிரிவுல பதவியே போகலாம்.

சாதியும் கூலியும் இங்க ஒரே கயித்துல ரெண்டு முறுக்கு மாதிரி. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு ஏக்கரு சொந்தமா இருந்திருந்தா, இல்ல டவுன்ல வேலைக்குப் போற மகன் இருந்திருந்தா, அந்த துணைத்தலைவர் கிட்ட வேற குரல்ல பேசியிருப்பாங்க. அரசாங்க வேலைல பையனோ பொண்ணோ இருக்குற எஸ்சி வீட்டுத் தலைவர்ங்க கொஞ்சம் நிமிந்து நிக்கிறதை நான் பாத்திருக்கேன்.

மகளிர் குழுவுலேர்ந்துதான் நிறைய பேரு வராங்களா?

நான் இருந்த பக்கம் ஆமா, ஆனா எனக்கு என் வேலைப் பாசம் இருக்கும், அதைக் கழிச்சுக்குங்க. தமிழ்நாட்டுல இது 1989ல தர்மபுரில ஆரம்பிச்சது, 1997 வாக்குல மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்க பரவுச்சு. குழுவுல இருக்குறவங்க பெரும்பாலும் ரொம்ப வசதியும் இல்லாம அடியோட இல்லாமலும் இருக்குற வீட்டுக்காரங்க, ரெண்டு மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை மாதிரி. குழு அவங்களுக்கு பணத்தை விட பழக்கத்தைக் குடுத்துச்சு. பேங்க் மேனேஜர் முன்னாடி உக்காந்து பேசுறது, தீர்மானம் எழுதுறது, பத்து பேரு கத்துறப்ப கூட்டத்தை நடத்துறது, கடன் கட்டாதவ வீட்டு வாசல்ல போயி நிக்கிறது. கடைசில சொன்னது ஒரு தலைவருக்கு ரொம்ப தேவையான குணம்.

பரம ஏழை குழுவுக்குள்ளயே வர முடியாது, மாசச் சந்தா கட்டணும்ல. அவங்க வர்ற வழி நூறு நாள் வேலைத் தளம், இல்ல விவசாயத் தொழிலாளர் சங்கம். தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்குப் போறவங்கள்ல பெரும்பாலானவங்க பொண்ணுங்கதான். ஏரிக்கரைல ஒரு நாளைக்கு நூறு பொம்பளைங்க ஒண்ணா உக்காந்து பேசுற இடம் வேற எங்க இருக்கு? யாரு நிக்கலாம்னு அங்கதான் முடிவாகும், பெட்டிக்கடை பெஞ்சுல ஆம்பளைங்களுக்கு அது ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

கட்சிக்காரங்களா இவங்க?

கிராமத் தலைவர், வார்டு மெம்பர் தேர்தல்ல கட்சி சின்னமே கிடையாது. ஒன்றிய கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் கட்சி சின்னத்துல. அங்க போகப் போக வசதி ஏறும், கூலிக்காரப் பொண்ணு குறைவா இருப்பா. சின்னம் இல்லேன்னாலும் கீழயும் யாரு எந்தக் கட்சின்னு ஊருல சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நகரத்துல எப்படி?

2022 பிப்ரவரி தேர்தல்ல 21 மாநகராட்சில 11 மேயர் பதவி பெண்களுக்கு. சென்னைக்கு பிரியா, 28 வயசு, எம்.காம்., வடசென்னைப் பொண்ணு, சென்னையோட முதல் தலித் பெண் மேயர். 1950கள்ல தாரா செரியன், 1971ல காமாட்சி ஜெயராமன்னு ரெண்டே பேருதான் அவங்களுக்கு முன்னாடி பெண் மேயர். தாம்பரத்துல வசந்தகுமாரி, அவங்களுக்கு 25. வேலூர்ல 37வது வார்டுல திருநங்கை கங்கா நாயக் கவுன்சிலர் ஆனாங்க. கிராமத்தோட ஒப்பிட்டா நகரத்துல படிப்பு ஜாஸ்தி, வயசு கம்மி, கட்சிக் குடும்பப் பின்னணி நிறைய.

ஆனா கூலி வீட்டுப் பொண்ணு நகரத்துல வந்ததே இல்லேன்னு நினைக்காதீங்க. மதுரை வில்லாபுரம் லீலாவதி நெசவு செஞ்சு பொழச்சவங்க, 1996ல மார்க்சிஸ்ட் கட்சில கவுன்சிலர் ஆனாங்க, வார்டுக்கு குழாய்த் தண்ணி கொண்டு வரப் போராடுனாங்க. தண்ணி வித்துப் பொழச்சவங்களுக்கு அது பிடிக்கல. 1997 ஏப்ரல் 23 அன்னிக்கு பட்டப்பகல்ல தெருவுல வெட்டிக் கொன்னாங்க. பதவிக்கு வந்து ஆறேழு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

பொம்பள தலைவர் வந்தா தண்ணி வரும்ங்குறாங்களே, உண்மையா?

மேற்கு வங்கத்துலயும் ராஜஸ்தான்லயும் பொருளாதார ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி 2004ல வெளியிட்டாங்க, பெண் தலைவர் இருக்குற ஊராட்சில குடிதண்ணி மாதிரி பொண்ணுங்க கேக்குற வேலைக்கு ஜாஸ்தி செலவு ஆகுதுன்னு. இதுல ஆச்சரியம் என்ன, குடம் தூக்குறவளுக்குத்தான் குழாய் ஞாபகம் வரும். ஆனா போர் போட்டு சொந்த டேங்க் வச்சிருக்குற வீட்டுப் பொண்ணு தலைவர் ஆனா அந்த அவசரம் வருமாங்கிறது என் சந்தேகம்.

பதவி முடிஞ்சப்புறம் என்ன பண்றாங்க?

தமிழ்நாட்டுல சீட்டு சுழற்சி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறும், ரெண்டு தடவை அதே சீட்டு வரும். அது ஒரு நல்ல விஷயம், முதல் தடவை கத்துக்கிட்டு ரெண்டாவது தடவை செய்யலாம். சீட்டு மாறினதும் வசதியான வீட்டு அம்மா அடுப்படிக்கு, அய்யா திரும்ப நேரடியா களத்துக்கு. கூலி வீட்டு அக்கா திரும்பக் கூலிக்கு. 2019ல ஜெயிச்சவங்க பதவி 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுது, தனி அலுவலர் கைக்கு ஊராட்சி போச்சு. அதுக்கப்புறம் நான் பழைய தலைவர் ஒருத்தரை ஒரு கரும்புத் தோட்டத்துல சோகை உரிக்கிறப்ப பாத்தேன். "என்னக்கா"ன்னேன். "என்ன பண்றது, நேத்து வரைக்கும் கலெக்டரோட மீட்டிங்கு, இன்னிக்கு சோகை"ன்னு சிரிச்சாங்க. அந்தத் தோட்டக்காரரு அவங்க பேருக்கு முன்னாடி இன்னும் பிரசிடென்ட்டுனுதான் போட்டுக் கூப்பிடுறாரு, கூலி மட்டும் எல்லாருக்கும் குடுக்குற அதே கூலி.

எங்க ஊரு பெண் சீட்டா வந்தா எங்கம்மா நிக்கலாமான்னு யோசிக்கிறோம், என்ன பாக்கணும்?

வயசு 21 ஆகியிருக்கணும், ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கணும், வேட்புமனுவோட சொத்து, படிப்பு, வழக்கு விவரம் எழுதிக் குடுக்கணும். அதெல்லாம் ஒரு நாள் வேலை.

அதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து ஒரு பேப்பர்ல கணக்கு போடுங்க. அம்மா சம்பாத்தியம் அஞ்சு வருஷம் இல்லேன்னா சமாளிக்க முடியுமா, செலவுக்குப் பணம் யாருகிட்டேர்ந்து, அவரு பதிலுக்கு என்ன கேப்பாரு. வார்டு மெம்பர்ல நம்மளோட நிக்கிறவங்க எத்தனை பேரு, துணைத்தலைவரா யாரு வருவாங்க, இதை தலைவர் ஓட்டை விட முக்கியமா பாருங்க. வருஷத்துல ஆறு கிராம சபை நடக்கும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வர்ற கிராம சபைக்கே அம்மாவை அனுப்பி வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேக்க வைங்க. ஜெயிச்சா, அந்த டிஜிட்டல் கையெழுத்துக் குச்சியை அம்மா சுருக்குப் பைலயே வச்சுக்கச் சொல்லுங்க. அப்பா கேட்டாலும் குடுக்க வேண்டாம்.